சாய்ந்துகொள்ள ஒரு சுவர்

செங்கோண மூலைகள் இரண்டு வகை என்பதைப் பலர் கவனிப்பதில்லை, ஐயா. அறையின் ஓரத்துக்கு ஒதுங்கியது ஒன்று; அறைக்குள் முட்டிக்கொண்டு நிற்பது இன்னொன்று. தொந்தரவு முட்டுகிற மூலையால்தான். அதிலிருந்து நேராக ஒரு கோடு இழுத்தால் தொந்தரவு தீரும். எல்லா முட்டு மூலைகளும் தீர்ந்தால் மிஞ்சுவது வெறும் செவ்வகங்கள்.

நான் கோலார் தங்கவயலில், சுரங்க சர்வே ஆபீசில் வரைபடம் வரைபவன். தங்கம் எடுத்து முடிந்த ஓர் அறையில் கூரைப்பாறையைத் தாங்கக் கல்சுவர்கள் எழுப்ப வேண்டியிருந்தது. படிக்கட்டு போல வெட்டிய அறை. நான்கு முட்டு மூலைகள். யாரும் நான்கு சுவர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் இரண்டு மூலைகள் நேருக்கு நேர் நின்றன. ஒரே சுவர் இரண்டையும் தீர்த்துவிடும். மூன்று சுவர், நான்கு செவ்வகம். அதற்குக் குறைவாக யாராலும் பிரிக்க முடியாது.

மேஸ்திரி சம்பங்கி நான்காவதாக ஒன்றைக் கட்டினார். ஒரு செவ்வகத்தின் நட்டநடுவே, எந்த மூலையையும் தொடாமல். ஏன் என்று கேட்டேன்.

"சோறு துன்றப்போ சாஞ்சிக்க ஒரு செவுரு வோணும் துரை. உங்க கோட்டு மேலயா சாய முடியும்?"

"துரைக்கும் ஒரு ரூம் கட்டிக் குடுங்க மேஸ்திரி, உள்ள குந்தி வரையட்டும்" என்றான் கல் எடுத்துக் கொடுக்கும் வேலு. எல்லோரும் சிரித்தார்கள்.

சுரங்கத்து லிஃப்டான கேஜில் ஏறும்போது சம்பங்கிக்கு விளக்கினேன். அவர் வீட்டுக்கே போய், அவர் மனைவி ரத்தினம்மா கொடுத்த டீ ஆறும்வரை விளக்கினேன். "ஆவட்டும் துரை" என்பார். சுவர் அப்படியே நிற்கும். கட்டியிருப்பதை அப்படியே வரை என்று மேலதிகாரி சொல்லிவிட்டதால், என் கையாலேயே ஐந்து துண்டுகளாக வரைய வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, அளவெடுப்பதாகச் சொல்லிக் கீழே போனேன். அந்தச் சுவருக்கும் கூரைக்கும் இடையில் இறுக்கியிருந்த மர ஆப்புகளைத் தட்டி எடுத்தேன். பாறை அசையவில்லை. மனம் லேசாக இருந்தது.

மறுநாள் மதியம் சம்பங்கி அந்தச் சுவரில் சாய்ந்து தூக்குவாளியைத் திறந்தார். மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். கூரையிலிருந்து கல்பொடி அவர் தோளில் உதிரத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருங்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அதைச் சொன்னால், நான்காவது சுவர் தேவைதான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லவில்லை.

சம்பங்கியின் காரியம் முடிந்ததும் ரத்தினம்மா ஆபீசுக்கு வந்தார். அவருக்கும் வரைந்து காட்டினேன்.

"இதுல அவரு எங்கங்க குந்தியிருந்தாரு?"

மூன்றாவது செவ்வகத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு அழுதார். புள்ளி வைப்பதால் செவ்வகங்களின் எண்ணிக்கை கூடுவதில்லை என்று பொறுமையாகச் சொன்னேன். அவரும் கவனிக்கவில்லை.