தினேஸ்வரனுக்கு நான் போட்ட ஊசிகள்

என் பெயர் யோகேஸ்வரி. வயது 36. ரிங்லெட் ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் ஆறாவது லைன் வீட்டில் குடியிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். இறந்துபோன தினேஸ்வரன், வயது 41, என் கணவர்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம், பிள்ளை இல்லை. கொழுந்து வெட்டும் மிஷினை இரண்டு பேர் தூக்க வேண்டும். செடி வரிசைக்கு அந்தப் பக்கம் ஒரு முனையை அவரும், இந்தப் பக்கம் மறுமுனையை நானும் பிடிப்போம். போன வருஷம் அவர் கைப்பேசியில் விளம்பரம் பார்த்து ஆண்மை ஊசி என்று ஒன்றை வரவழைத்தார். உடம்பும் ஏறும், பிள்ளையும் தங்கும் என்று அதில் போட்டிருந்ததாம். ஊசியைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை நான்தான் அவர் இடுப்பில் போட்டேன்.

அதன் பிறகு அவருக்கு உடம்பு ஏறியது. "என்னா தினேசு, பொண்டாட்டி என்னத்த ஆக்கிப் போடுது?" என்று கங்காணி கந்தசாமி கேலி செய்தபோது சிரித்தார். பத்து மாதமாகியும் பிள்ளை தங்கவில்லை. அவருடைய அக்கா ருக்குமணி எதிரில் வந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை, வயிற்றைத்தான் பார்ப்பார்.

அதன் பிறகு ஈப்போவில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். அவரிடம் விந்தணு ஒன்றுகூட இல்லை என்று சோதனையில் வந்தது. டாக்டர் தமிழ்ப் பெண். மருந்து பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, தோட்டத்துல காண்ட்ராக்ட் ஆளுங்கள எறக்கிட்டா சொந்த ஆள வேலைக்குப் பேர் கூப்புட மாட்டாங்க இல்ல? அதே கததான் லா. வெளிய இருந்து ஹார்மோன் போனதும் மூள விதைக்கு உத்தரவு குடுக்கறத நிறுத்திடுச்சு. என்ன வேல செய்யணும்னு அங்க உள்ளுக்குள்ள எழுதித்தான் இருக்கு. அதப் படிக்கச் சொல்ல ஆளில்ல." ஊசியை நிறுத்தினால் ஒரு வருஷத்தில் திரும்பலாம் என்றும், ரத்தம் தடித்திருப்பதால் இனிப் போட்டால் ஆபத்து என்றும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் தாப்பா ஊர் தாண்டும் வரை அவர் கிளினிக் தாளை மடித்து மடித்துப் பிரித்தார். அதன் பிறகு, அக்காவிடம் சொல்லிவிடாதே என்றார். சரி என்றேன்.

நான்கு மாதம் ஊசி போடவில்லை. அவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். என்னோடு பேச்சில்லை. வேலையில் பாதி வரிசையிலேயே மிஷினை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஊசிப் பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "இது இல்லாம நான் ஆம்பளையே இல்ல, ஈஸ்வரி. போட்டுவுடு." டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் போட்டேன். அவர் என்னை மிரட்டவில்லை. அந்த நான்கு மாதத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு மூன்று முறை போட்டேன். இந்த மாதம் 9ஆம் தேதி காலை வேலையில் இருந்தபோது அவர் பக்கம் மிஷின் இறங்கியது. தூக்குங்க என்றேன். செடிக்கு மேலே எட்டிப் பார்த்தேன், ஆள் தெரியவில்லை. ஆஸ்பத்திரி போகுமுன்பே உயிர் போய்விட்டது. நுரையீரலில் ரத்தம் கட்டியிருந்ததாகச் சொன்னார்கள்.

இழவு வீட்டில் ருக்குமணி ஊசிகளைக் கண்டெடுத்து, மலடி என் தம்பிக்கு விஷம் ஏற்றிவிட்டாள் என்று போலீசில் புகார் கொடுத்தார். முதல் விசாரணையில், போட்டது நான்தான் என்று சொன்னேன். எதற்காக என்று சொல்லவில்லை. இன்று இன்ஸ்பெக்டர் கிளினிக் தாளைக் காட்டிக் கேட்டதால் சொல்கிறேன்.

இதை ருக்குமணி கேட்க வேண்டி வருமா என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். கோர்ட்டில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள் என்றார். விந்தணு இல்லை என்ற வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தால் பழி என் மேலேயே நிற்கும் என்றார். நிற்கட்டும் என்றேன். எடுக்க முடியாது என்றார்.

மேலே எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது. அந்த வரியும் உண்மைதான்.

(ஒப்பம்)
யோகேஸ்வரி