பேங்கில் தூங்கும் புடவைகள்

வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்கும்போது போனஸ் பணத்தில் சுவரளவு டிவி வாங்கிய முட்டாள் நான். பிறருடைய சிக்கனக் கதையைக் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் ரிஷிவந்தியம் பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெண், "என் புடவையெல்லாம் பேங்குல தூங்கிக்கினு கீது" என்றதும் காது தானாக நீண்டது.

"இன்னா சொல்றீங்க ஸ்டெல்லாக்கா?" என்றாள் ஜன்னலோரத் தோழி.

"வூட்டுக்கடன சீக்கிரம் முடிக்கலாம்னு நீயும் நானும் ஒரே பேங்குல மாசாமாசம் ஜாஸ்தியா கட்டுறோமே ஷமீமு. கிறிஸ்மஸுக்குக்கூட புடவை எடுக்காம கட்டுனேன். அத அசல்ல கழிக்கவே இல்லியாம். அடுத்த தவணைங்களுக்கு முன்பணமா வச்சிக்கினாங்களாம். கேட்டா, அசல்ல கழிக்கச் சொல்லி நீங்க எழுதிக் குடுக்கலியேன்றாரு மேனேஜரு."

"அப்ப வட்டி?"

"ஒரு ரூபா கம்மி ஆவல. வூட்டுக்காரரு ரிட்டையர் ஆவறதுக்குள்ள பத்திரம் கைக்கு வந்துடும்னு இருந்தேன். வெறுத்துப்போச்சு. இனிமே ஜாஸ்தியா கட்ட மாட்டேன்."

"நீங்க நிறுத்துனா நானும் நிறுத்திடுவேன், பரவால்லியா? வளையல வித்து நான் கட்டுனதும் அங்கதான தூங்குது? எழுந்திருங்க. இப்பவே போய் எழுதிக் குடுத்து, அசல்ல கழிக்க வச்சிட்டுதான் மறுபடி பஸ் ஏறணும்."

ஷமீம் கண்டக்டரிடம் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். "எந்த பேங்கும்மா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"கால எடுங்க, எறங்கணும்" என்றாள் ஸ்டெல்லா.