பேர் சொல்லாமல் ஊற்றிய எண்ணெய்

மாலை ஆறு மணி இருக்கும். நவம்பர் கடைசி. கொச்கோர் ஊரை விட்டு தோலோன் கணவாய்க்கு ஏறுகிற மலைச் சாலை. இரண்டு பக்கமும் பனி. நடுவில் கறுப்பாக ஒரு தார்க் கோடு... அதுவும் பல இடங்களில் மறைந்துவிட்டது. அந்தச் சாலையில் ஒரே ஒரு வண்டி. பழைய மாஸ்க்விச் கார். அதன் பின்னால் வெள்ளைப் புகை. அந்தப் புகையில் பெட்ரோல் வாசனை இல்லை. பலகாரம் பொரிக்கிற வாசனை.

அடுப்புக் கதவைச் சாத்துங்கள், கண் கூசுகிறது. ம்... இப்படி இருக்கட்டும். எப்படியும் கணவாயை நாளைக் காலையில்தான் திறப்பார்கள், அதுவரை நம் லாரிகள் வெளியே நிற்கட்டும், நீங்கள் கதையைக் கேளுங்கள்.

நம் ஜெனிஷ் இருக்கிறானே, மணல் லாரி ஓட்டுகிறவன்... அவன் மனைவிக்குச் சித்தப்பா முறை, மேதெர் என்று பெயர். கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர். கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் அவனும் மட்டும். அந்த மாஸ்க்விச்சை ஓட்டி வந்தவன் அவன்தான்.

வண்டி அவனுடையது இல்லை. அண்ணன் ஊலானுடையது. ஊலான் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன். பஸ் ஏறப் போன அன்று, கொச்கோரில் பெரியப்பா மகள் சயீரா வீட்டுக் கொட்டகையில் வண்டியை விட்டுவிட்டுப் போனான். இரண்டு வருஷம் போன் வந்தது. "வசந்தத்துல வந்துடுவேன், வண்டிய மட்டும் வித்துடாதீங்க" என்று ஒரு நாள் சொன்னான். அதோடு சரி. வசந்தங்கள் வந்தன. அவன் வரவில்லை. உயிரோடு இருக்கிறானா... இல்லையா... யாருக்கும் தெரியாது. ஒன்பது வருஷம்.

நம் வீடுகளில் வியாழக்கிழமை எண்ணெய் காய வைப்போம். மாவைத் துண்டு துண்டாக வெட்டி போர்சோக் பொரிப்போம். மணம் போய்ச் சேரட்டும் என்று செத்தவர்களின் பேரைச் சொல்லி ஓதுவோம். அந்த வீட்டிலும் நடக்கும். அப்பா பேரைச் சொல்வார்கள், தாத்தா பேரைச் சொல்வார்கள். ஊலான் பேரை மட்டும் அம்மா சொல்ல விடமாட்டாள். சொன்னால் அவன் செத்துப்போனதாக ஆகிவிடும் இல்லையா? பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை வாய் தவறி அவன் பேரை எடுத்தபோது, தட்டோடு அவளை வெளியே அனுப்பியவள் அம்மா.

அப்படியிருக்கையில் சயீராவிடமிருந்து சேதி வந்தது. மாடு வாங்கியாயிற்று, கொட்டகை வேண்டும், வண்டியை எடுத்துக்கொண்டு போ.

மேதெர் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள்.

"கயித்துல கட்டி இழுத்துட்டு வராத. பொணத்தை இழுத்துட்டு வர்ற மாதிரி. அதுவா ஓடி வரணும். கேட்டுதா?"

கேட்டது.

சயீராவின் கொட்டகையில் வண்டி நான்கு சக்கரமும் தரையில் பரவி, வாத்து மாதிரி உட்கார்ந்திருந்தது. இருக்கைக்குள் எலி குட்டி போட்டிருந்தது. டேங்கில் பெட்ரோல் தேன்பாகு மாதிரி கெட்டித்துப்போய் நாறியது. மேதெர் ஒவ்வொன்றாகச் சரி செய்தான். டேங்கைக் கழுவினான். இரவல் பேட்டரி மாட்டினான். சக்கரங்களுக்கு வேறு டயர் தேடிப் போட்டான். கடைசியில் முன்னால் கிராங்க் கம்பியைச் செருகிச் சுழற்றினால்... அசையவில்லை. இன்ஜின் உள்ளே பிடித்துக்கொண்டுவிட்டது. கம்பியில் ஏறி நின்று குதித்தும் பார்த்தான். மலையை அசைப்பது போல இருந்தது.

சயீரா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏண்டா மேதெர், வண்டிய ரிப்பேர் பண்றியா, இல்ல வண்டி உன்னைப் பண்ணுதா? மூஞ்சி எல்லாம் கரி. இந்த மூஞ்சியோட போனா எவ பொண்ணு குடுப்பா?"

"அக்கா, பிளக்கைக் கழட்டிட்டு உள்ள எண்ணெய் ஊத்தி ஊற வைக்கணும். வாங்கிட்டு வந்ததெல்லாம் கீழ ஊத்தித் தீந்துபோச்சு. அதுவே பத்தல. கடையும் சாத்திட்டான்."

"எண்ணெய்தானே வேணும்?"

அன்று வியாழக்கிழமை. காலையில்தான் அவள் போர்சோக் பொரித்திருந்தாள். கொப்பரையில் பாதி எண்ணெய் மிச்சம். பருத்திக்கொட்டை எண்ணெய். வடிகட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆகுமா?"

"எண்ணெய் எண்ணெய்தானே அக்கா."

"ஊத்து, ஊத்து. உன் வண்டியும் பொணமாத்தானே கிடக்கு. அதுக்கும் கொஞ்சம் மணம் போகட்டும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஊற்றினான். பிளக் துளைகளில் கொஞ்சம். மிச்சத்தையெல்லாம் கீழே இன்ஜின் எண்ணெயோடு சேர்த்து. பேர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்கு எண்ணெய் ஊற்றுகிறவன் யார் பேரைச் சொல்வான்?

டீ குடித்துவிட்டு வந்து கம்பியைத் திருப்பினான். டக். ஒரு சின்னச் சத்தம். பிறகு கம்பி வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிளக்குகளை மாட்டி, சாவி போட்டு, இருமி, செத்து, மறுபடி இருமி... சைலன்சரிலிருந்து எலிக்கூடு ஒன்று பறந்துபோய் கோழி மேல் விழுந்தது. இன்ஜின் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. சூடாகப் பொரிந்த மாவின் மணம். சயீரா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பசிக்குதுடா, இந்த வண்டியைப் பாத்தா" என்றாள்.

அப்படித்தான் கிளம்பினான்.

கடைசி ஊர் தாண்டியது. விளக்குகள் போயின. அதற்குப் பிறகு வலது பக்கம் கல்லறைகள். உங்களுக்குத் தெரியுமே... மண் கோபுரம் மண் கோபுரமாக, ஜன்னல் இல்லாத ஒரு ஊர் மாதிரி. அந்த இடத்தில் செத்தவர்களுக்காகக் கையேந்தி முகத்தைத் தடவிக்கொண்டு போவோம். ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது, அவனால் கையை எடுக்க முடியவில்லை. கடந்தான். காற்று எதிரே இல்லை. புகை கலையாமல் தாழ்ந்து, கல்லறைப் பக்கமாக மெதுவாக நகர்ந்துபோவதைக் கண்ணாடியில் பார்த்தான்.

கொஞ்ச தூரம்தான்.

க்ரீச்...

பின்பக்கத்து ஸ்பிரிங். யாரோ ஏறி உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம். கதவு திறக்கவில்லை. வண்டியும் நிற்கவில்லை.

க்ரீச்... மறுபடி.

அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று. அவசரமே இல்லை. கல்யாண வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒருவருக்கொருவர் இடம் விட்டு ஏறுவார்களே, அப்படி. வண்டிக்குள் பொரித்த மணத்தோடு ஈரமண் வாசனை. நனைந்த கம்பளி வாசனை. கண்ணாடியில் பார்த்தால்... பின் இருக்கையில் ஒன்றும் இல்லை. இருட்டு மட்டும்.

ஏற்றம் தொடங்கியது. வண்டி இழுக்கவில்லை. இரண்டாவது கியர், முதல் கியர். இன்ஜின் கதறியது. அப்போதுதான் கவனித்தான்... எதிரே சாலை தெரியவில்லை. ஹெட்லைட் எரிகிறது. ஆனால் வெளிச்சம் சாலையில் விழவில்லை. வானத்தில் விழுகிறது. பின்பக்கம் அவ்வளவு தாழ்ந்துவிட்டது, மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. வானத்திலிருந்து இறங்குகிற பனித்துகள்கள் அந்த வெளிச்சத்தில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே, எங்கே சாலை என்று தெரியாமல், ஒரு பக்கம் பள்ளத்தை வைத்துக்கொண்டு... ஓட்டினான்.

நின்றால் அங்கேயே விறைத்துச் சாகவேண்டியதுதான். அது அவனுக்குத் தெரியும்.

பயத்தில் கத்தியிருப்பான் என்று நினைப்பீர்கள். கத்தவில்லையாம். அழுகை வந்ததாம். இவர்களுக்கென்று யாருமே எண்ணெய் காய வைப்பதில்லை, என்று தோன்றியதாம். எல்லா வீட்டு மணமும் யாரோ ஒருவர் பேருக்குப் போகிறது. பேர் சொல்லாமல் ஒரு மணம் வந்ததும், நமக்காக இருக்குமோ என்று கிளம்பி வந்துவிட்டார்கள்.

ஓத ஆரம்பித்தான். தெரிந்ததை ஓதினான். பிறகு பேர் சொன்னான்.

"எங்க அப்பாவுக்குப் போய்ச் சேரட்டும்."

க்ரீச். ஸ்பிரிங் ஒரு விரல் அளவு எழும்பியது.

"தாத்தாவுக்கு." எழும்பியது. "ஆத்துல போன துய்ஷெனுக்கு. பள்ளிக்கூட வாத்தியார் மம்பெத்துக்கு." ஒவ்வொரு பேருக்கும் ஹெட்லைட் வெளிச்சம் வானத்திலிருந்து கொஞ்சம் இறங்கியது. மலை உச்சிக்கு. பிறகு பாறைக்கு. தெரிந்த பேர்கள் தீர்ந்தன. "பேர் தெரியாதவங்க எல்லாருக்கும். யாருமே நினைக்காதவங்க எல்லாருக்கும். எல்லாருக்கும் போய்ச் சேரட்டும்." கடகடவென்று பின்பக்கம் எழுந்தது. வெளிச்சம் பொத்தென்று சாலையில் வந்து விழுந்தது. ஈரமண் வாசனை போயிற்று.

ஆனால் வண்டி நேராக ஆகவில்லை.

வலப்பக்கம் சாய்ந்தே இருந்தது. முன்பக்கம், வலது. ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து இருக்கை. அந்தப் பக்கத்துச் சக்கரம் தகரத்தில் உரசியது. சர்... சர்... சர்...

அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டு போனான். சொல்லாமல் விட்ட பேர் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சொன்னால் முடிந்துவிடும். அம்மா வாசலைப் பார்ப்பது முடிந்துவிடும். சொல்லாவிட்டால்... இன்னும் ஒன்பது வருஷம். பிறகு இன்னும் ஒன்பது.

சர்... சர்...

கணவாய் உச்சியில் சொன்னான். மெதுவாக.

"எங்கண்ணன் ஊலானுக்கு... போய்ச் சேரட்டும்."

ஸ்பிரிங் எழும்பும் என்று காத்திருந்தான்.

எழும்பவில்லை. இறக்கம் முழுக்க அந்தச் சக்கரம் உரசிக்கொண்டே வந்தது. ஸ்பிரிங் உடைந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டான்.

வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கி, கதவுகளைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். அம்மா வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். சிரிப்பு நின்றது.

"யாருக்குடா எண்ணெய் காய வச்ச?"

"சயீராக்கா வீட்டு எண்ணெய்மா. வண்டிக்கு ஊத்தினேன்."

"பேர் சொன்னியா?"

அவன் தலையாட்டினான்.

"யார் யார் பேரு?"

"அப்பா பேரு... தாத்தா பேரு..."

"அப்புறம்?"

தரையைப் பார்த்தான். அம்மா அவன் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். அவ்வளவு போதும் அவளுக்கு. மகனை அடிக்கவில்லை, திட்டவில்லை. உள்ளே போய் வெள்ளை முக்காட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாள். ஒன்பது வருஷமாக அடக்கி வைத்த ஒப்பாரி. ஊலான் எந்த மாதத்தில் பிறந்தான், எந்தக் குதிரையிலிருந்து விழுந்தான், எந்தப் பாட்டுக்குத் தப்பாக ஆடுவான், எல்லாம் அந்தப் பாட்டில் வந்தது. அடுத்த வீட்டில் விளக்கு எரிந்தது. அதற்கடுத்த வீட்டில் எரிந்தது. ஆண்கள் தெருவிலிருந்தே "என் தம்பியே, என் கூடப்பிறந்தவனே" என்று அழுதுகொண்டு வந்தார்கள். ஆட்டை அறுத்தார்கள். மேதெரை இடுப்பில் துண்டு கட்டி, கையில் கோல் கொடுத்து, தம்பி நிற்க வேண்டிய இடத்தில் வாசலில் நிறுத்தினார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவனும் அழுதான். பாரம் இறங்கியது மாதிரி இருந்ததாம். உண்மையாகவே.

விடிந்தது. கூட்டம் உள்ளே டீக்குப் போனது. மேதெர் கோலை ஊன்றியபடி தனியாக நின்றான். எதிரே வண்டி. இப்போது நேராக நின்றது. எந்தப் பக்கமும் சாயவில்லை. குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தான். ஸ்பிரிங் உடையவே இல்லை.

நிமிரும்போது கண்ணாடி கண்ணில் பட்டது.

பூட்டிய வண்டிக்குள் ஆள் இருந்தால், அந்தக் குளிரில், மூச்சு கண்ணாடியின் உட்பக்கம் உறையும். இங்கே வண்டியில் தூங்காதவர் யார், உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பின் கண்ணாடிகள் சுத்தமாக இருந்தன. அங்கே ஏறியவர்களுக்கு மூச்சு ஏது?

முன்பக்கம், வலது கண்ணாடி. வீட்டைப் பார்த்த பக்கம். உள்ளே அடர்த்தியாக உறைந்திருந்தது. ஒரு ராத்திரி முழுக்க விட்ட மூச்சு, உயிரோடு இருக்கிறவன் மூச்சு.

நடுவில், உட்கார்ந்தால் கண் வருகிற உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு யாரோ உள்ளிருந்து துடைத்திருந்தார்கள்.

அந்த இடம் இன்னும் உறையவில்லை... ஈரமாக இருந்தது.