பதினாலு செகண்டு அமைதி

ஸ்ரீமதி: பிரிசில்லா... தூங்கிட்டியாடி?

பிரிசில்லா: மணி பன்னெண்டு. இல்ல, கபடி ஆடிகிட்டு இருக்கேன். ஏன்டி போனுல இப்படி குசுகுசுங்குற?

ஸ்ரீமதி: அப்பா பக்கத்துல படுத்திருக்காரு. உன் இருமல் எப்படி இருக்கு?

பிரிசில்லா: ம்... பரவால்ல. அம்மா மூணு வேளையும் கஷாயம் ஊத்துறாங்க. விஷயத்த சொல்லு.

ஸ்ரீமதி: நாளைக்கு சிதம்பரம் அறிவியல் கண்காட்சிக்கு நான் வரலடி.

பிரிசில்லா: ஏய்! கடலூர்ல ஆறு மணி பஸ்ஸு. வழியில தின்ன இட்லி கூட கட்டியாச்சு!

ஸ்ரீமதி: ஒரு தப்பு பண்ணிட்டேன்... நம்ம பல்சர் சத்தம் இருக்குல்ல...

பிரிசில்லா: லோகநாயகி மிஸ் குடுத்ததுதானே? அந்த பல்சர் நட்சத்திரம் தன்னத்தானே சுத்துற ஒவ்வொரு சுத்துக்கும் ரேடியோவுல டக்கு டக்குங்குமே?

ஸ்ரீமதி: அத போனுல ஏத்துறப்போ கெடுத்துட்டேன். நடுவுல பதினாலு செகண்டு சத்தமே இல்ல. பயத்துல முன்னாடி இருந்த டக்க வெட்டி அங்க ஒட்டிட்டேன்.

பிரிசில்லா: அடிப்பாவி!

ஸ்ரீமதி: ஜட்ஜு கண்டுபிடிச்சு, ஏமாத்துனோம்னு நம்ம ஸ்கூலயே வெளிய அனுப்பிட்டா...

பிரிசில்லா: அழுவாத, இரு. எந்த எடத்துல?

ஸ்ரீமதி: ரெண்டு நிமிஷம் முடிஞ்சதும்.

பிரிசில்லா: ...என் போனுல ஏத்துன காப்பிலயும் அங்கதான்டி சத்தம் இல்ல.

ஸ்ரீமதி: வெளாடாத.

பிரிசில்லா: மாதா சத்தியமா! ரெண்டு பேரும் சொல்லி வெச்சா ஒரே எடத்துல கெடுப்போம்? மிஸ் குடுத்த தாள்ல பின்பக்கம் படிச்சியா?

ஸ்ரீமதி: பின்பக்கம் வேற இருக்கா?

பிரிசில்லா: நானே இப்பதான் திருப்புறேன்... "சில பல்சர்கள் திடீரென ரேடியோ அலைகளை நிறுத்தும், பிறகு தாமாகவே தொடங்கும்." சுத்தியிருக்குற மின்துகளோட ஓட்டம் மாறுதாம். ஏன் மாறுதுன்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியலயாம்.

ஸ்ரீமதி: அப்போ... அந்த நட்சத்திரமேதான் வாய மூடிக்கிச்சா?

பிரிசில்லா: சத்தந்தான் நிக்கும். சுத்துறது நிக்காது. முன்னாடி விழுந்த அதே தாளத்துல எண்ணிப் பாரு, திரும்பி வர்ற டக்கு தாளம் தப்பாம விழுவணும்.

ஸ்ரீமதி: ஒட்டுறதுக்கு முன்னாடி இருந்தத அழிக்கல, இரு... பதினெட்டு, பத்தொம்போது, இருவது... ஏய்! கரெக்டா விழுதுடி!

பிரிசில்லா: மெதுவா! அப்பா எழுந்துடப் போறாரு. ஒட்டுனத தூக்கிப் போடு. நாளைக்கு அந்த அமைதியத்தான் எல்லாருக்கும் காட்டப் போறோம்.

ஸ்ரீமதி: சரி... ஆனா அஞ்சு நாளா உன் காப்பிய வெச்சுத்தானே ரிகர்சல் பாத்தோம்? எனக்கு ஒரு தடவகூட அது தெரியலயே?

பிரிசில்லா: அது... எனக்கு சளியே இல்லடி. நானும் நான்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சேன். அந்த பதினாலு செகண்டு வர்றப்பல்லாம் இருமி இருமி மறைச்சேன்... அதுக்குத்தான் இந்த அஞ்சு நாளு கஷாயம்!