எதிர்ப்பக்கத்துத் துரை

டீ வேண்டாம், நான் வெளியில் எதுவும் சாப்பிடுவதில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வீட்டுப் பழக்கம். மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் உங்கள் ஏட்டு எழுதிவைத்திருக்கும் தாள்கள் பறக்காமல் இருக்கும். அவற்றை நானும் படித்தேன். எழுத்துப்பிழை ஏழு இருக்கிறது, அது போகட்டும். விஷயத்திலேயே ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பழனியின் பிரவுசிங் சென்டரில் குதிரைப் பந்தயம் நடக்கிறது என்று யாரோ மனுப் போட, கடையைப் பூட்டி, கம்ப்யூட்டர்களைத் தூக்கிவந்திருக்கிறீர்கள். வாலாஜாபாத் ரைஸ் மில் கோதண்டபாணி பணம் கட்டிய கணக்கும், அவனுக்கு எதிராகக் கட்டிய கணக்கும் அதே கடையிலிருந்துதான் ஓடின என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த எதிராளி பழனி என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பழனி என்னிடம் படித்தவன். பத்தாம் வகுப்பில் கணக்கில் பதினேழு மார்க் வாங்கினவன். மணிக்கு இருபது ரூபாய் வாடகையும், கலர் பிரிண்டுக்குப் பத்து ரூபாயும் வாங்கிப் போட்டுக்கொண்டதைத் தவிர அந்தக் கடையில் நடந்தது எதுவும் அவனுக்குப் புரிந்ததில்லை. எதிராளி நான்.

என் பெயர் ஸௌந்தரராஜன். சின்ன காஞ்சிபுரம். முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியார், ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. கோதண்டபாணியை எனக்கு ரயிலில் பழக்கம். பந்தய நாட்களில் நான் காஞ்சிபுரத்தில் ஏறுவேன், அவன் வாலாஜாபாத்தில் ஏறுவான், இருவரும் கிண்டியில் இறங்குவோம். என் வீட்டில் அதற்கு சம்ஸ்கிருத மாநாடு என்று பெயர். பெரிய பந்தயம் வைத்து ஆடுகிற ஆள் இல்லை நான். ஐம்பது ரூபாய்க்கு ஒரு டிக்கெட் வாங்கிவிட்டு, அது தோற்பதைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

லண்டனில் இருக்கும் என் தங்கை பிள்ளை ராமானுஜ்தான் 2003-ல் இங்கிலாந்துக் குதிரைகளுக்குப் பணம் கட்டுகிற அந்த வெப்சைட்டைக் காட்டிக்கொடுத்தான். கிண்டியில் பந்தயப் பணம் வாங்குகிற புக்கியிடம் போய் இந்தக் குதிரை ஜெயிக்கும் என்றுதான் பணம் கட்ட முடியும். ஜெயிக்காது என்று கட்டப்போனால் சிரிப்பார்கள். இதிலே புக்கியே கிடையாது. ஒருவன் ஜெயிக்கும் என்று கட்டுவான், உலகத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கும் இன்னொருவன் ஜெயிக்காது என்று கட்டுவான். இருவரையும் சேர்த்துவைத்ததற்கு வெப்சைட்காரன் கல்யாணத் தரகன் மாதிரி கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொள்வான். யார் பெயரும் யாருக்கும் தெரியாது.

இதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட மனநிறைவை உங்களுக்கு எப்படிச் சொல்வது? முப்பத்தோரு வருஷம் வகுப்பில் நின்று ஒவ்வொரு பையனையும் பார்த்து இவன் தேறமாட்டான் என்று சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் பலித்திருக்கிறது. அதற்காக ஒருவரும் எனக்குக் காலணா கொடுத்ததில்லை. வெள்ளைக்காரன்தான் அந்தத் திறமைக்கு ஒரு விலை போட்டிருந்தான்.

கோதண்டபாணிக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ராமானுஜைக் கொண்டு அவனுக்கும் ஒரு கணக்குத் திறந்தேன். இங்கே ரூபாயைச் சென்னையில் ஒருவரிடம் கொடுத்தால் அங்கே பவுண்டாகக் கணக்கில் ஏறிவிடும், அந்த வழியை நீங்கள் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே மத்தியானம் ஓடுகிற குதிரை இங்கே விளக்கு வைத்த பிறகு ஓடும். நான் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவேன், அவன் மில்லைப் பூட்டிவிட்டு வருவான். பழனி கடையில் பக்கத்துப் பக்கத்துத் தடுப்பில் உட்காருவோம்.

கோதண்டபாணி மாடு வாங்குவதில் கெட்டிக்காரன். சுற்றுவட்டாரத்தில் யார் மாடு பிடிக்கப் போனாலும் அதன் மயிர்ச்சுழி பார்க்க அவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நெற்றியில் ராஜசுழி இருந்தால் மாடு மேலே சொத்தை எழுதிவைக்கலாம் என்பான். அதே சாஸ்திரத்தை இங்கிலாந்துக் குதிரைக்கும் வைத்துவிட்டான். பழனியிடம் குதிரையின் படத்தைக் கலரில் எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். பழனியின் பிரிண்டரில் மை கசியும். கசிந்த மையைச் சுழி என்று நம்பி அவன் கட்டிய பணம் கொஞ்சநஞ்சமல்ல. நான் ஒரு முறைகூட அவனைத் திருத்தவில்லை. ஒருவனுடைய நம்பிக்கையில் தலையிடுவது எனக்குப் பிடிக்காது.

நான் செய்தது ஒன்றுதான். அவன் எந்தக் குதிரையைப் பிடித்திருக்கிறான் என்று தெரிந்ததும், பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்து, அது ஜெயிக்காது என்று போடுவேன். மற்றவர்கள் ஒன்றுக்கு நாலு தருகிறேன் என்றால் நான் நாலேகால் தருகிறேன் என்பேன். அதிகம் தருகிறவனோடுதான் முதலில் கோத்துவிடுவார்கள். ஆகவே அவன் பணம் என்னிடம்தான் வரும். மற்றவர்களைவிட நல்ல விலையை நான் அவனுக்குக் கொடுத்தேன் என்பதை ஏட்டு கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் யாரோ ஒரு இங்கிலீஷ் துரை இருக்கிறார் என்பது கோதண்டபாணியின் எண்ணம். தொப்பி, சுருட்டு, பெரிய வீடு எல்லாம் அவனே கொடுத்துவிட்டான்.

“இன்னா வாத்தியாரே, இந்தத் தொர நம்பள வுடமாட்டாரு போலக்குது. நான் எதைத் தொட்டாலும் எதிர்ல வந்து நிக்கறாருபா.”

“அவாளெல்லாம் பெரிய மனுஷா, கோதண்டபாணி. பொழுதுபோக்குக்கு ஆடுறவா.”

“மூளக்காரன்பா அந்த ஆளு. ஒருநாள் நேர்ல பாத்து ஒரு கும்புடு போடணும்.”

இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நன்றாக இருந்தது. என் பென்ஷனுக்கு யாரும் என்னை துரை என்று சொல்லப்போவதில்லை. ஒரு மாதம் கோதண்டபாணி மனம் வெறுத்துப்போய், பந்தயத்தையே விட்டுவிடுகிறேன் என்றான். அந்த வாரம் நன்றாக ஓடுகிற இரண்டு குதிரைகளின் படத்தை அவன் கண்ணில் படும்படி வைத்து, எதிரே நானே கட்டி, வேண்டுமென்றே தோற்றேன். பழனிக்கும் எனக்கும் பாதுஷா வாங்கிவந்தான். நான் சாப்பிடவில்லை.

போன ஆவணியில் அவன் மனைவி பூவம்மாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும், தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாலாற்றங்கரையில் மிச்சமிருந்த நிலத்தை விற்று, பணத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தான்.

“எங்கையில இருந்தா குதிரைக்குப் போய்டும் வாத்தியாரே. நீங்களே வெச்சுக்கோங்க. ஆஸ்பத்திரில தேதி குடுத்ததும் வந்து வாங்கிக்கறேன். நடுவுல நானே கால்ல வுழுந்து கேட்டாலும் குடுக்காதீங்க.”

பெருமாள் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதில் ஒரு ரூபாயை நான் தொடவில்லை. இருபத்துமூன்றாம் நாள் அது முழுசாக அவன் கைக்குத் திரும்பிப் போனது. எண்ணிப் பார்க்கச் சொல்லித்தான் கொடுத்தேன். குறையவில்லை. அடமானம் வைத்த பொருளையே அமுக்கிவிடுகிற ஊரில் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அவன் கேட்டானா என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லை.

அந்த இருபத்திரண்டு நாளும் அவன் பழனி கடைப் பக்கமே வரவில்லை. மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானாம். நான் மட்டும் தினமும் போனேன். திரையில் எத்தனையோ பேர் எதிரே வந்தார்கள், நிஜமான துரைகளே இருந்திருக்கலாம். அவர்களை ஜெயித்தால் ஒன்றும் தோன்றவில்லை. தோற்றாலும் தோன்றவில்லை. பக்கத்துத் தடுப்பில் வேறு யாரோ காலேஜ் பெண் உட்கார்ந்து ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. என் மனைவி வைத்தியரிடம் போகச் சொன்னாள்.

ஆகவே, ஒரு குதிரையின் படத்தைக் கலரில் எடுத்தேன். அதன் நெற்றியில் ராஜசுழி இல்லை. நான் போட்டேன். காம்பஸ் வைத்தால் ரொம்ப உருண்டையாக வந்துவிடும் என்று பென்சிலால் கையாலேயே போட்டு, விரலால் லேசாகத் தேய்த்தேன். கரும்பலகையில் வட்டம் போட்டுப் பழகிய கை. படத்தையும் மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலையில் வாலாஜாபாத் பஸ் ஏறினேன்.

மில்லை ஒட்டித்தான் வீடு. பூவம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாலு அடி நடப்பதற்குள் இரண்டு முறை நின்று, ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தாள்.

“பழம் தோலோட இருக்குது சாமி, இதைச் சாப்ட்டா இன்னா. அவரு கையில காசு நிக்காதுன்னு நான்தான் உங்ககிட்ட குடுக்கச் சொன்னேன். நீங்க இருக்கசொல்ல எங்களுக்கு இன்னா பயம்.”

ஒரு பழம் சாப்பிட்டேன். பிறகு மில்லுக்குப் பின்னால் உமி கொட்டிவைத்திருக்கும் இடத்தில் அவனிடம் பையையும் படத்தையும் கொடுத்தேன். கட்டு என்று நான் சொல்லவில்லை. “பூவம்மாளுக்கு ஆபரேஷனோட செலவு முடியுமா? மாத்திரை, மருந்து, எத்தனை இருக்கு. நீயே பார்த்துக்கோ” என்றேன். அவன் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். “சாமியே குடுத்தனுப்பிச்ச மாதிரி வந்துக்கினு இருக்கீங்க வாத்தியாரே” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டான். ரூபாயைப் பவுண்டாக்கிக் கணக்கில் ஏற்றுகிற சென்னை ஆளுக்கு நானே போன் செய்தேன்.

புரட்டாசி சனிக்கிழமை. குதிரை நாலாவதாக வந்தது. மொத்தப் பணத்துக்கும் எதிர் நிற்க என் கணக்கில் இடமில்லை, பாதிக்குத்தான் நான் நின்றேன். மீதிப் பாதிக்கு யாரோ முகம் தெரியாதவர்கள். ஐப்பசியில் பூவம்மாள் போய்விட்டாள். கணக்குப்படி பார்த்தால் அதில் என் பங்கு பாதிதான். அந்த மற்றவர்களையும் நீங்கள் விசாரிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

காரியத்துக்குப் போயிருந்தேன். கோதண்டபாணி என் கையைப் பிடித்துக்கொண்டு, தொர கொன்னுட்டாரு வாத்தியாரே என்று அழுதான். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. நல்ல பெண்மணி, அந்த வாழைப்பழத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது. நான் செய்தேன், தெரிந்து செய்தேன், வேறு யாருக்கும் பங்கில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். பழனியை விட்டுவிடுங்கள். அவனால் அந்தச் சுழியைப் போட்டிருக்க முடியாது.

கையெழுத்து எங்கே? எல்லாப் பக்கத்திலுமா? சரி. ஒரே ஒரு வேண்டுகோள், சனிக்கிழமைக்குள் என்னை அனுப்பிவிட்டால் உதவியாக இருக்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் இன்னொரு சென்டர் திறந்திருக்கிறது. கோதண்டபாணி மில்லை விற்ற பணத்தோடு வருகிறான். பாவம், மனைவியும் இல்லை. அவனைத் தனியாக விட்டால் யாராவது ஏமாற்றிவிடுவார்கள்.