விரதத்தில் பழகிய பூனை

“திருவிழாவிலைதான் எங்கடை பூனை எலி பிடிக்கப் பழகினது” என்று இணுவில் பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் சொன்னதும், நான் கைபேசியை மடியில் வைத்துவிட்டேன்.

“அதெப்பிடியக்கா?” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

“நல்லூர்க் கோயிலிலை கொடி ஏறினால் நாங்கள் மீன், மச்சம் காய்ச்சிறேல்லைத்தானே. மீன்தலை கிடைக்காமல் அது எலி பிடிக்க வெளிக்கிட்டுது. முந்தி எலிக்கு நஞ்சு வைக்கவும் பயம், நாய் திண்டுடும்.”

“இப்ப திருவிழா முடிஞ்சுதே?”

“ஓம். ஆனால் மீன்சட்டியை நான் இன்னும் பரணிலையிருந்து இறக்கேல்லை.”

“அண்ணை ஒண்டும் சொல்லேல்லையே?”

“என்ரை மனுசன் என்னத்தைச் சொல்லுறது? நேற்றும் பூனை எலி தின்ன, அதின்ரை வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தவர்.”