அசையாத பன்னிரண்டு தசம் நான்கு

பெயர்: நவரத்தினம் ஜெயதீபன். வயது: 34. தொழில்: தொழிற்சாலைகளின் மின் கட்டுப்பாட்டுக் கருவிகள் திருத்துதல், சுயதொழில். முகவரி: அச்சுவேலி தெற்கு, அச்சுவேலி. தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்தவர். யாரும் அழைக்காமல் நானாகவே இன்று வியாழக்கிழமை காலை 7.40க்கு இப்பொலிஸ் நிலையத்துக்கு வந்து பின்வருமாறு கூறுகிறேன்.

வல்வெட்டித்துறை ஐஸ் தொழிற்சாலையில் கடந்த செவ்வாய்க்கிழமை அமோனியா வாயு வெளியேறியது தொடர்பாக, அங்கு இயந்திரம் பார்க்கும் மரியரட்ணம் என்பவர் நேற்றுக் கைது செய்யப்பட்டார் எனவும், இன்று பிற்பகல் நீதவான் முன் நிறுத்தப்படவுள்ளார் எனவும் அறிந்தேன். இயந்திரத்தைப் பாராமலே குறிப்பேட்டில் பொய்யாக எழுதினார் என்பது அவர் மேலுள்ள குற்றம். அவர் பார்த்துத்தான் எழுதினார். அதைச் சொல்லவே வந்தேன்.

அத்தொழிற்சாலையில் அமோனியாவை அழுத்தும் இயந்திரமான கொம்பிறசரை ஓட்டுவது இருபது வருடத்துக்கு மேற்பட்ட பழைய கட்டுப்பாட்டுக் கருவி. அதற்குள் நடப்பதை ஆட்கள் அறிவதற்குச் சுவரில் ஒரு திரை உண்டு. கருவி இலக்கங்களை அனுப்பும், திரை காட்டும். பழைய திரை சென்ற வருடம் செத்துப்போனது. அதே வகை இப்போது எங்கும் கிடைக்காததால் வேறொரு வகைத் திரையைப் பொருத்தி, மூன்று நாள் மினக்கெட்டு இரண்டையும் பேச வைத்தேன். அதன் பின்னர் கொம்பிறசர் தொடங்கும் நேரமெல்லாம் தொடர்பு அறுந்து, ‘தொடர்பு இல்லை’ என்ற சிவப்புப் பெட்டி திரையை மூடிக்கொண்டது. அனுப்பும் வேகத்தைக் குறைத்தேன், கம்பியை மாற்றினேன், அதன் உறைக்கு நிலத்தொடுப்பும் கொடுத்தேன். குறைந்ததே தவிர நிற்கவில்லை. தொடர்புக் கம்பி கொம்பிறசர் மோட்டரின் மின்கம்பியோடு ஒரே குழாயில் ஓடுவதுதான் காரணம் என்பது எனக்குத் தெரியும். வேறு குழாய் போடுவதென்றால் சுவர் உடைத்து இரண்டு நாள் தொழிற்சாலையை நிறுத்த வேண்டும்.

கடந்த பெப்ரவரி 6ஆம் திகதி முகாமையாளர் கீர்த்திகா என்னை அழைத்து, “சிவப்பைக் கண்டவுடனை மரியரட்ணம் அண்ணை மெசினை நிப்பாட்டிப்போடுறார். வள்ளக்காரர் ஐசுக்கு வாசல்லை காவல் நிக்கினம். உதுக்கு ஒரு வழி பண்ணுங்கோ” என்றார். அவர் கேட்டது பழுதைத் திருத்த. நான் செய்தது வேறு. திரையின் அமைப்புக்குள் போய் அந்தச் சிவப்புப் பெட்டியை அணைத்து, தொடர்பு அறுந்தால் கடைசியாக வந்த இலக்கத்தையே காட்டிக்கொண்டிருக்குமாறு வைத்தேன். ஒரு நொடி, இரண்டு நொடி அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். கீர்த்திகாவிடம் இனி வராது என்றேன். என்ன செய்தேன் என்று சொல்லவில்லை.

அதன் பின்னர் மரியரட்ணம் என்னிடம் வந்து கொம்பிறசருக்கு மேலுள்ள, அழுத்தத்தை முள்ளால் காட்டும் பழைய மானியையும் தொடர்ந்து பார்க்க வேண்டுமா எனக் கேட்டார். அவர் அரை மணிக்கு ஒருமுறை ஏணியில் ஏறி அதையும் பார்ப்பது வழக்கம். அவருக்கு வயது 58, கண் சத்திரசிகிச்சை செய்து அப்போது ஒரு மாதமும் ஆகியிருக்கவில்லை. ஏணி ஏறி விழுந்துவிடுவார் என்ற எண்ணத்தில், திரை இருக்கிறது, இனி ஏறத் தேவையில்லை என்றேன். அவர் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை 9.20க்கு மின்சாரம் நின்று ஜெனரேற்றருக்கு மாறியுள்ளது. கருவி அணைந்து எழுந்து கொம்பிறசரை ஓட்டியது, ஆனால் திரையோடு பேசும் அதன் பகுதி எழவில்லை. பழைய கருவிகளில் இது வருவதுண்டு. திரைக்குத் தனி மின்கலம் இருந்ததால் அது அணையவே இல்லை. கடைசியாக வந்த 12.4 என்ற அழுத்தத்தையும், குளிர்நீர்ப் பம்பு ஓடுகிறது என்பதையும் காட்டியபடி நின்றது. உண்மையில் பம்பு திரும்ப ஓடவில்லை. குளிர்விக்க நீர் இல்லாமல் அழுத்தம் ஏறி 11.35க்குப் பாதுகாப்பு வால்வு திறந்து வாயு வெளியேறியது. அந்த வால்விலிருந்து போகும் குழாயின் வாய் நண்டு துப்புரவு செய்யும் கொட்டகைப் பக்கம் உள்ளது. வேலை செய்த ஒன்பது பெண்களில் எட்டுப் பேர் வெளியில் ஓடிவிட்டார்கள். கஜானி என்ற பிள்ளை கதவடியில் விழுந்தார். அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளார். நேற்று மாலை நான் போய் விசாரித்தபோதும் கண் திறக்கவில்லை என்றார்கள்.

அன்று பகல் ஒரு மணிக்கு நான் தொழிற்சாலைக்குப் போனேன். கொம்பிறசர் நின்று ஒன்றரை மணித்தியாலம் ஆகியிருந்தது. திரையில் இன்னும் 12.4 இருந்தது. இயந்திர அறையில் வேறு யாரும் இல்லை. நான் திரையை அணைத்து மறுபடி போட்டேன், கருவியையும் அணைத்து மறுபடி போட்டேன். தொடர்பு வந்து சரியான இலக்கம் விழுந்தது. அதன் பின்னர் உள்ளே வந்த பொலிஸ் உத்தியோகத்தர் திரை வேலை செய்கிறதா எனக் கேட்டபோது, “ஓம், வேலை செய்யுது” என்றேன். அந்த நேரத்தில் அது வேலை செய்தது.

அதன் பின்னர் குறிப்பேட்டைப் பொலிசார் எடுத்தார்கள். 9.30 முதல் 11.30 வரை ஐந்து தடவையும் 12.4 என்றே எழுதியிருந்தது. அதைப் பார்த்தால் யாரும் பொய் என்றே சொல்வார்கள். திரையில் இருந்ததை அவர் ஐந்து தடவையும் எழுந்து போய்ப் பார்த்து எழுதியுள்ளார். தன் கண்ணில்தான் பிழையாக இருக்கும் என்று அவரே பொலிசாரிடம் கூறியதாக அவருடைய மகள் ஆரபி நேற்று இரவு தொலைபேசியில் அழுதுகொண்டு சொன்னார். அவருடைய கண்ணில் ஒரு பிழையும் இல்லை. நான் மாற்றிய அமைப்பு, திகதியோடு என் மடிக்கணினியில் உள்ளது. அதனை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இக்கூற்று எனக்கு எதிராகவும் பயன்படலாம் என உத்தியோகத்தர் எச்சரித்தார். விளங்கியது. மனைவிக்கு ஏழாம் மாதம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

மேற்கூறியவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கையொப்பம் வைக்குமுன் ஒன்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை 10.42க்கு நான் காங்கேசன்துறையில் வேறு வேலையில் நின்றபோது மரியரட்ணம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “தம்பி, உன்ரை திரை இண்டைக்கு ஒரே இலக்கத்திலை நிக்குது. ஒரு புள்ளி கூட ஏறி இறங்கேல்லை. அப்பிடி நிக்குமோ? ஒருக்கா ஏணியிலை ஏறிப் பாக்கட்டே?” என்றார். நான், “தேவையில்லை அண்ணை, சீரா ஓடுது, நீங்கள் இருங்கோ” என்றேன். அழைப்பு ஐம்பத்தொரு செக்கன். என் கைத்தொலைபேசியில் பதிவு உள்ளது. நேற்று அவர் கொடுத்த வாக்குமூலத்தில் இந்த அழைப்பு இல்லை என உத்தியோகத்தர் கூறினார். அவர் அதை மறந்திருக்க மாட்டார்.

அவரை ஒருமுறை பார்க்க முடியுமா எனக் கேட்டேன். இப்போது முடியாது எனக் கூறப்பட்டது. எவருடைய வற்புறுத்தலுமின்றி நான் சொன்னவை இவை. எல்லாம் நடந்தது நடந்தபடியே உண்மை என ஏற்று, சேர்த்த பகுதிக்குக் கீழும் தனியாகக் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) ந. ஜெயதீபன்